வட்டவிதானையாருக்கு என்ன மேளம் போடுவது?

துருசடி (கிளிநொச்சி):

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து சிறுபிள்ளைகளுக்காக ஒரு அனிமேஷன் தொடர் செய்துகொண்டிருக்கிறோம். ஒரு கதை ஏழு நிமிடம். இரணைமடுக் குளத்துக்குக் கீழே இருக்கும் ஒரு கற்பனை ஊர்தான் களம். ஒலி முழுவதும் என் பொறுப்பு. கதையில் எங்கள் எல்லோருக்கும் பிடித்த ஆள் வட்டவிதானை ஐயம்பிள்ளை. அவருக்குப் பின்னணி இசை போடும் இடத்தில் முட்டுப்பட்டு நிற்கிறேன்.

வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வட்டவிதானை என்பவர் வயல்காரர்களுக்காக வாய்க்கால் தண்ணீரைக் கவனிக்கிறவர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், எந்த நாளுக்குள் வேலி அடைக்க வேண்டும், யாருடைய மாடு வயலுக்குள் இறங்கியது என்பதெல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும். எங்கள் ஐயம்பிள்ளை அந்த வேலையை உயிராக நினைக்கிறவர். தோளில் மண்வெட்டி, கக்கத்தில் குடை. சைக்கிளை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டு, தொண்டையைச் செருமி, "சகலரும் கவனிக்கவும்" என்று தொடங்குவார். அந்த நேரம் பார்த்துத்தான் குரங்கு குடையைப் பறிக்கும், இல்லாவிட்டால் மயில் கத்தும், இல்லாவிட்டால் சைக்கிள் தானாக வாய்க்காலுக்குள் இறங்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். ஆனால் கடைவயலுக்கும் தண்ணீர் போய்ச் சேருவது இந்த மனிதரால்தான் என்பதும் அவர்களுக்கு விளங்க வேண்டும்.

முதல் கதைக்கு இணையத்தில் காசு கொடுத்து எடுத்த நகைச்சுவை இசையைப் போட்டேன். கீழே ட்யூபா, மேலே வயலின் தந்தியை விரலால் சுண்டும் ஓசை. எல்லாக் கார்ட்டூனிலும் கேட்கிற அதே சேர்க்கைதான். வீட்டில் போட்டுக் காட்டியபோது அம்மம்மா கேட்டார்: "அந்த மனிசன் என்ன பிழை செய்தது? ஏன் மேளம் அவரைப் பழிக்குது?"

அவர் சொன்னது முழுக்கச் சரி. என் தாத்தாவும் வட்டவிதானையாக இருந்தவர். கோடைகால நெல் வேளாண்மையான சிறுபோகத்துக்குத் தண்ணீர் போதாத வருடங்களில் இரவிரவாக வாய்க்கால் கரையில் நின்றவர். அப்படிப்பட்ட ஒருவரைப் படத்தில் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கலாம். இசை அவரைப் பழிக்கக்கூடாது.

ஆகவே கேட்கிறேன். எந்த வாத்தியம் பொருந்தும்? அவர் ஓயாமல் கதைக்கிறவர், அந்தக் கதைக்கு அடியில் இசை எப்படி இருக்க வேண்டும்? ஐந்தாவது கதையில் வாய்க்கால் வற்றிப்போய் அவர் தனியே இருக்கிற ஒரு இடம் வருகிறது. அங்கேயும் அதே மெட்டை வைக்க முடியுமா?

—

பிரேம்கணக்கு (வவுனியா):

தங்கச்சி, வாத்தியத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அவர் எப்படி நடக்கிறார் என்று பாருங்கள். படம் வரைகிறவரிடம் ஒரு அடி எடுத்து வைக்க எத்தனை பிரேம், அதாவது திரையில் எத்தனை நிலைப்படம் ஓடுகிறது, என்று கேளுங்கள். செக்கனுக்கு 24 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 1440. அதை அடிக்குரிய பிரேம் எண்ணால் வகுத்தால் உங்கள் தாளத்தின் வேகம் வந்துவிடும். ஒரு அடிக்கு 12 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 120, அது அணிவகுப்பு நடை. 16 என்றால் 90, ஆறுதலான நடை. 20 பிரேம் என்றால் 72, அது வயதான ஒருவரின் நடை. ஐயம்பிள்ளைக்கு அதுதான் சரிவரும் என்று படுகிறது. உங்கள் படம் செக்கனுக்கு 25 பிரேம் என்றால் கணக்கு 1500 ஆகிவிடும், அப்போது 20 பிரேமுக்கு 75 வரும். இதை முதலே முடிவு செய்யாமல் பாட்டைச் செய்துவிட்டுப் பிறகு இழுத்து ஒட்டினால் கால் ஒரு பக்கமும் மேளம் ஒரு பக்கமும் போகும்.

20 பிரேமைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சின்னக் குழுக்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்குப் பிடித்து வைப்பார்கள். அப்படியென்றால் 20 பிரேமை ஐந்து நான்காகப் பிரிக்கலாம், ஒவ்வொரு நான்கிலும் இரண்டு படம். ஐந்தாகப் பிரிந்தால் அது கண்ட நடை, தகதகிட. ஒவ்வொரு அடிக்குள்ளும் ஐந்து சின்னத் தட்டு ஓடும்போது நடை நேராகவே இருக்கும், ஆனால் உள்ளே ஒரு சின்ன நொண்டல் கேட்கும். அவரைப் பழிக்காத நொண்டல் அது.

இசை ஒவ்வொரு அசைவையும் ஒட்டிப் போவதை ஆங்கிலத்தில் மிக்கி மௌசிங் என்பார்கள். டாம் அண்ட் ஜெர்ரிக்கு ஸ்கொட் பிராட்லி 1940களிலும் 50களிலும் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனார். ஆனால் அந்தப் பூனையும் எலியும் அநேகமாக வாய் திறப்பதில்லை, அதனால் வாத்தியங்களுக்கு இடம் இருந்தது. உங்கள் ஆள் ஓயாமல் கதைக்கிறார். அவர் கதைக்கும்போதும் அடிக்கு அடி இசை ஒட்டினால் ஒரு சொல்லும் பிள்ளைகளின் காதுக்குப் போகாது. நடக்கும்போது ஒட்டுங்கள், கதைக்கும்போது விடுங்கள்.

ட்யூபாவை நானும் எடுத்துவிடத்தான் சொல்வேன். ஆண் குரலின் அடித்தளம் 100, 150 ஹேர்ட்ஸ் அளவில் இருக்கும். ட்யூபாவும் அதே இடத்தில்தான் குந்தியிருக்கும், இரண்டும் கலந்தால் சேறு.

ஒன்று மறந்துவிட்டேன்: விழுகிற சத்தத்தைப் படத்துக்கு ஒரு பிரேம் பிந்தி வையுங்கள். பிந்தினால் கண் பொறுத்துக்கொள்ளும், முந்தினால் பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

—

ஆர்மோனியக்காரர் (முள்ளியவளை):

பிள்ளை, உங்கள் அம்மம்மா கூத்துப் பார்த்து வளர்ந்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வராது.

நான் காத்தவான் கூத்துக்கும் கோவலன் கூத்துக்கும் ஆர்மோனியம் வாசிக்கிறவன். என்னிடம் முன்பு இருந்த பெட்டி 2009இல் இடம்பெயர்வோடு போய்விட்டது. இப்போது இருப்பது வேறு, ஆனால் சுருதி நல்ல சுருதி. எங்கள் களரியில் சிரிப்புக்காரர் வரும்போது நாங்கள் சிரிப்பு மேளம் வாசிப்பதில்லை. சிரிக்கவைக்கிற கட்டியகாரன் வந்தாலும் அவனுக்கு ஒரு வரவு, அதாவது களரிக்குள் வரும்போது பாடி வாசிக்கும் பாட்டு, உண்டு. மத்தளம் முழு மரியாதையோடு வாசிக்கும், தாளம் சுத்தமாக விழும், பிற்பாட்டுக்காரர் வரியைத் திருப்பிப் பாடுவார்கள். சிரிப்பை உண்டாக்குவது ஆடுகிறவரின் வேலை. மேளக்காரரும் சேர்ந்து சிரித்தால் பார்க்கிற சனத்துக்குச் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

அதனால் ஐயம்பிள்ளைக்கு ஒரு வரவு கட்டுங்கள். அவர் தன்னை எப்படி நினைக்கிறாரோ அப்படியே இருக்கட்டும் அது. நாட்டை ராகத்தில் நான்கு வரி, நிமிர்ந்த நடை. நாதஸ்வரக் கச்சேரி நாட்டையில் தொடங்குவதைத் திருவிழாவில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒரு பெரிய காரியம் தொடங்கப்போகிறது என்று அவர்கள் காதுக்கு உடனே தெரியும்.

சிரிப்பு எங்கே வரும் என்றால் தீர்மானத்தில். ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து முடிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிணதொம். அது ஐந்து அட்சரம். வவுனியாத் தம்பி சொன்ன ஐந்தோடு அப்படியே பொருந்தும். இரண்டு தரம் கேட்டவுடனேயே மூன்றாவது எங்கே விழும் என்று பாட்டுப் படிக்காத பிள்ளைக்கும் காது சொல்லிவிடும். அந்த மூன்றாவதின் கடைசித் தொம்மை வாசிக்காதீர்கள். ஐயம்பிள்ளை செருமி, கையைத் தூக்கி, வாயைத் திறக்கிறார். ததிங்கிணதொம், ததிங்கிணதொம், ததிங்கிண... அங்கே மத்தளம் நிற்கட்டும், குரங்கு குடையைப் பறிக்கட்டும். ஒரு மூச்சு விட்டு, விழுந்த சைக்கிளின் மணி ஒரு தரம் அடிக்கட்டும். அதுதான் உங்கள் தொம். இசை அவரை ஒன்றும் செய்யவில்லை, அவருக்காகக் காத்து நின்றது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு கதையிலும் அந்தக் கடைசித் தொம் வேறு எங்கிருந்தாவது வரலாம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் புகைபோக்கி ஒரு தரம் வெடிக்கலாம், தேங்காய் ஒன்று விழலாம். தண்ணீர் கடைவயலுக்குப் போய்ச் சேருகிற கதையில் மட்டும் மத்தளமே முழுதாக வாசித்து முடிக்கட்டும். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவர் கதைக்கும்போது நாங்கள் கூத்தில் செய்வதையே செய்யுங்கள். ஆர்மோனியம் சுருதியை மெல்லப் பிடித்துக்கொண்டிருக்கும். வரிக்கும் வரிக்கும் நடுவில், அவர் மூச்செடுக்கும் இடத்தில் மாத்திரம் மத்தளம் இரண்டு தட்டு.

—

மாங்குளம் ரீச்சர்:

நான் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். ஐயா சொன்ன வரவு எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. இரண்டு விடயத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

நாட்டை சரி, ஆனால் மல்லாரி பக்கம் போகவேண்டாம். மல்லாரி சுவாமி வீதியுலா வரும்போது வாசிப்பது. அதைக் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் கைகூப்பப் பழகியவர்கள். சிரிப்புக் காட்சியில் அது வந்தால் வீட்டில் பெரியவர்களுக்கு மனம் நோகும், படத்தையே நிறுத்திவிடுவார்கள்.

மற்றது பறை. யாராவது சிரிப்புக்குப் பறையைச் சேர்க்கலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் பகுதியில் பறை சாவீட்டோடும் கோயிலோடும் சேர்ந்தது. அதை அடித்தவர்களை ஊர் எவ்வளவு காலம் இளக்காரமாக நடத்தியது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த வாத்தியத்துக்கு ஒரு தொடர் செய்தால் அதன் பெருமையோடு செய்யுங்கள், ஒரு ஆள் தடக்கி விழும் சத்தத்துக்காக வேண்டாம்.

என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். நாதஸ்வரத்தின் வாயில் வைத்து ஊதும் சீவாளியைத் தனியாக ஊதினால் ஒரு கீச்சுக் குரல் வருமே, அதற்கு அவர்கள் சிரிக்காத நாளில்லை. மயிலுக்கோ குரங்குக்கோ அதை வைத்துப் பாருங்கள். விலங்கு வாய்பேசட்டும், மனிதருக்கு மரியாதையான மெட்டு இருக்கட்டும்.

—

துருசடி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. படம் வரைகிறவரிடம் கேட்டேன். 24 பிரேம், ஒரு படம் இரண்டு பிரேமுக்கு. நடையை 20க்கு மாற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். மூன்று ததிங்கிணதொம்மும் சேர்ந்தால் 60 பிரேம், சரியாக இரண்டரைச் செக்கன். குடை பறிபோகும் காட்சி முழுவதும் அதற்குள் வடிவாக அடங்குகிறது. வாயால் சொல்லிப் பதிவுசெய்து படத்தோடு வைத்துப் பார்த்தேன், அதற்கே என் தம்பி சிரித்தான்.

ரீச்சர், சீவாளியை மயிலுக்கே எடுத்துக்கொள்கிறேன். மல்லாரி பற்றிச் சொன்னதற்கு விசேட நன்றி, நான் அந்தப் பக்கம்தான் போக இருந்தேன்.

ஐயா, வற்றிய வாய்க்கால் காட்சி இன்னும் மனதில் நிற்கிறது. அங்கே அதே நாட்டையா, வேறு ராகமா?

—

ஆர்மோனியக்காரர் (முள்ளியவளை):

அதே மெட்டு. ராகத்தை மாற்றினால் அது வேறு ஆளாகிவிடும். துக்கம் என்று காட்ட முகாரியைக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். அவர் அழவில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார். மத்தளத்தை எடுத்துவிடுங்கள், தாளத்தையும் எடுத்துவிடுங்கள், ஆர்மோனியத்தில் ஒற்றை விரலால் முதல் வரி மட்டும். இரண்டாவது வரி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மற்றக் கதைகளில் அந்த வரவைக் கேட்ட பிள்ளைக்கு மிச்சம் தானாகக் கேட்கும். வேண்டுமானால் உடுக்கு ஒரு தரம். கயிற்றை நெரித்து விட்டால் கும்மென்று ஒரு ஓசை எழுமே, அவ்வளவு போதும்.

இதைக் கீபோட்டில் செய்யவேண்டாம். ஆர்மோனியத்தின் துருத்தி இழுக்கிற மூச்சும் பதிவில் வரவேண்டும். மத்தளம் வாசிக்க என் மருமகன் இருக்கிறான், உடுக்குக்கும் ஆள் பிடிக்கலாம். சனி ஞாயிறு வேண்டாம், பக்கத்தில் கலியாண மண்டப ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். கிழமை நாளில் பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு வாருங்கள். 72க்குக் கிளிக், அதாவது வேகம் காட்டும் தட்டுச் சத்தம், போட்டுக்கொண்டு வாருங்கள், மருமகனுக்கு ஒரு காதொலிப்பானும் வேண்டும். ஆனால் முதல் தடவை கிளிக் இல்லாமல் வாசிப்போம், நீங்கள் முன்னால் நின்று ஐயம்பிள்ளை மாதிரி நடந்து காட்டுங்கள்.

—

பிரேம்கணக்கு (வவுனியா):

கிளிக் இல்லாமல் வாசிப்பதையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. வற்றிய வாய்க்கால் காட்சிக்கு அதைத்தான் எடுப்பீர்கள். அங்கே அவர் நடக்கவில்லையே, பிரேம் எண்ணத் தேவையில்லை. மைக்கை மத்தளத்துக்கு மிக நெருக்கிப் பிடிக்காமல் இரண்டு முழம் தள்ளி வையுங்கள். மண்வீடாக இருந்தால் இன்னும் நல்லது, எதிரொலி குறைவு.