ஒரு ஆள் டென்ட், குறைந்த விலை: வைத்துக்கொள்ளலாமா, திருப்பி அனுப்பலாமா?

தனிநடை (கேள்வி)

வணக்கம். முதுகுப் பையில் சுமந்து போகிற மாதிரி ஒருவர் படுக்கும் டென்ட் வாங்கியிருக்கிறேன். திருப்பித் தரும் கெடு இன்னும் இருக்கிறது. இதைவிட மூன்று மடங்கு விலையுள்ள டென்டுகளின் விவரப் பட்டியலோடு ஒப்பிட்டால் காகிதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரட்டைச் சுவர்: உள்ளே இன்னர், அதன் மேல் மழை காக்கும் ஃப்ளை. ஃப்ளை 68 டெனியர் (நூலின் கனம்) பாலியஸ்டர், பியூ (பாலியூரிதேன்) கோட்டிங், நீர்த்தாங்கு திறன் 3000 மி.மீ. என்று போட்டிருக்கிறது, தரைக்கும் அதே 3000. டென்டைத் தாங்கும் கம்பி, அதாவது போல், ஃபைபர்கிளாஸில் இரண்டு, தடிமன் 7.9 மி.மீ. தரை 210 × 80 செ.மீ., உயரம் 100 செ.மீ. அட்டையில் எடை 1.7 கிலோ, தராசில் வைத்தால் 2.15 கிலோ.

திறந்த வெளியில் ஓர் இரவு படுத்துப் பார்த்ததில் மழையே இல்லாமல் காலையில் ஃப்ளையின் உட்புறம் முழுக்க ஈரம். கால் பக்கம் ஸ்லீப்பிங் பேகும் நனைந்திருந்தது. இது ஒழுகலா? கொடுத்த காசுக்குத் தகுமா?

முளைக்குச்சி

மழை பெய்யாமல் நனைந்தால் அது ஒழுகல் இல்லை. உங்கள் மூச்சிலும் தரையிலும் இருந்து வந்த ஈரம்தான். தெளிந்த இரவில் ஃப்ளை வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். உள்ளிருக்கும் நீராவி அதில் பட்டுத் துளியாகும். எந்த விலை டென்டிலும் இது நடக்கும். அந்தத் துளி உங்கள் மேல் சொட்டாமல் ஃப்ளை வழியே வழிந்து இறங்கத்தான் இரண்டாவது சுவர் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது கால் பக்கம். அங்கே இன்னர் போய் ஃப்ளையைத் தொட்டிருக்கிறது. காரணம் இரண்டில் ஒன்று: ஃப்ளையை வெளிப்பக்கமாக இழுத்து முளை அடிக்கவில்லை, அல்லது டென்டின் நீளம் உங்களுக்குப் போதவில்லை. முதலாவது சுலபம். ஃப்ளையின் ஓரங்களில் இருக்கும் வளையம் எல்லாவற்றிலும் முளை அடித்து, இன்னருக்கும் ஃப்ளைக்கும் இடையே எந்த இடத்திலும் நான்கு விரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். மேலே காற்றுத் திறப்பு இருந்தால் குச்சி கொடுத்துத் தூக்கி வையுங்கள். மழை இல்லாத இரவில் ஃப்ளை ஜிப்பை மேலிருந்து ஒரு சாண் திறந்து விடலாம். பள்ளத்திலும் நீரோடைக் கரையிலும் டென்ட் போட்டால் இந்த ஈரம் கூடும்.

நீளத்தைத் தரையில் அளந்து பயனில்லை. சுவர் சாய்ந்து ஏறுவதால் மேலே போகப்போக நீளம் குறையும். மேட் மேல் மல்லாந்து படுத்தால் கால் நுனி தரையிலிருந்து ஏறத்தாழ 25 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் அளவு டேப் பிடித்து உள்நீளம் பாருங்கள். உங்கள் உயரத்தைவிட 15 செ.மீ. கூடுதலாவது வேண்டும். குறைந்தால் யோசிக்காமல் திருப்பி அனுப்புங்கள். அதை எதுவும் செய்து சரிக்கட்ட முடியாது.

எடை விஷயம்: அட்டையில் பெரும்பாலும் ஃப்ளை, இன்னர், போல் மூன்றை மட்டுமே கூட்டிப் போடுவார்கள். முளை, கயிறு, பை சேராது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து இங்கே எழுதுங்கள்.

மழைக்காகம்

அந்த 3000-ஐ ரொம்ப நம்பாதீங்க, ரொம்பப் பயப்படவும் வேண்டாம். துணி மேல தண்ணித் தூண் எவ்வளவு உயரம் நின்னா நீர் கசிய ஆரம்பிக்குதுங்கிறதுதான் அந்த எண். புதுத் துணித்துண்டுக்கு எடுத்த அளவு. தையலுக்கும் ஊசி ஓட்டைக்கும் அது பொருந்தாது. ஃப்ளைக்கு 1500 இருந்தாலே நல்ல மழை தாங்கும்.

தரை வேற கதை. 35 கிலோ பாரம் 35 சதுர செ.மீ. முழங்கால்ல இறங்குதுன்னு வெச்சுக்குங்க. சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ, அதாவது 10 மீட்டர் தண்ணி உயரம், 10,000 மி.மீ.! அதுக்கு 3000-மும் பத்தாது, 5000-மும் பத்தாது. ஆனா டென்டுக்கு அடியில தண்ணி நின்னாத்தான் அது துணிக்குள்ள ஏறும். அதனால தண்ணி தேங்காத இடமாப் பாத்துப் போடறதும், அடியில ஒரு ஷீட் விரிக்கறதும் அந்த எண்ணைவிட முக்கியம். ஷீட் தரையைவிட நாலு பக்கமும் 5 செ.மீ. உள்ளடங்கி இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஃப்ளைல வழியற தண்ணியை வாங்கி நேரா உங்க அடியில கொண்டு வந்து விட்டுரும்.

குறைந்த விலை டென்ட் ஒழுகறது பெரும்பாலும் தையல்லதான். இருட்டினதும் ஃப்ளைக்குள்ள டார்ச் அடிச்சு, ஒருத்தரை வெளிய நின்னு பார்க்கச் சொல்லுங்க. ஒளி புள்ளி புள்ளியாத் தெரியற இடம் ஊசி ஓட்டை. மூணு தையல் சேர்ற மூலை, போல்ல கட்டற வெல்க்ரோ பட்டை தைச்ச இடம், கயிறு வளையத்தோட அடி, இந்த மூணையும் விடாமப் பாருங்க. தையல் மேல தண்ணி புகாம சூட்டுல ஒட்டியிருக்கற டேப்போட ஓரத்தை நகத்தால லேசா நெருடிப் பாருங்க. அப்புறம் டென்டைப் போட்டு, உள்ள தரை முழுக்கச் செய்தித்தாள் விரிச்சு, மேல இருந்து பூவாளி மாதிரி விழற தண்ணியை அரை மணி நேரம் விடுங்க. பக்கவாட்டுலயும் அடிங்க. தாள்ல கறை எங்கேன்னு பாத்தாலே எந்தத் தையல்னு தெரிஞ்சுரும்.

ஃப்ளையோட கீழ் விளிம்பு தரையில இருந்து எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னும் சொல்லுங்க. இந்த விலைல சில டென்டுக்கு ஃப்ளை தொப்பி மாதிரி பாதிதான் இருக்கும். காத்தோட மழை வந்தா இன்னரோட வலை வழியா உள்ளயே அடிக்கும்.

நூல்கண்டு

மற்ற இருவரும் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டென்டின் மதிப்பைப் பார்க்கும்போது, பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கே மதிப்பெண் போடுங்கள். ஃப்ளையின் வெட்டும் அது எவ்வளவு தூரம் மூடுகிறது என்பதும், உள்நீளம், தரை ஓரம் தொட்டிபோல் 10 செ.மீ.யாவது ஏறி நிற்பது, ஜிப், தையல் டேப்: இவை வாங்கிய நாளில் எப்படியோ அப்படித்தான். முளை, கயிறு, பை, ஏன் போலைக்கூட மாற்றிவிடலாம்.

ஃபைபர்கிளாஸ் போலின் குறை எடை மட்டுமில்லை. உடையும்போது நீளவாக்கில் சிம்பு சிம்பாகப் பிளந்து துணியைக் கிழிக்கும், கையிலும் ஏறும். அலுமினியம் முதலில் வளையும். உடைந்தாலும் மேலே ஒரு குழாய்த் துண்டைச் செருகிப் பட்டை சுற்றினால் இரவைத் தாண்டிவிடலாம். ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் இணைப்பில்தான் பிளக்கிறது. துண்டு முழுவதும் குழாய்க்குள் இறங்காமலே வளைப்பதுதான் காரணம். ஒவ்வொரு இணைப்பையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு வளையுங்கள். துணி உறைக்குள் போலைத் தள்ளுங்கள், இழுக்காதீர்கள். இழுத்தால் இணைப்பு கழன்று துணியில் மாட்டும். மடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் கயிறு ஒரே பக்கம் இழுபட்டுத் தளராது.

மூன்று மடங்கு விலையில் உங்களுக்குக் கிடைப்பது முக்கியமாக எடைக் குறைப்பு. 1 முதல் 1.3 கிலோவில் அலுமினியப் போலும் 15, 20 டெனியர் நைலானும் கிடைக்கும். மழை காப்பு மூன்று மடங்கு ஆகிவிடாது. நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், இரவில் எழுந்து கயிற்றை இறுக்க வேண்டி வரும். பாலியஸ்டர் அவ்வளவாகத் தொய்வதில்லை, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். இந்த இரண்டிலும் உங்கள் துணிதான் மேல்.

தனிநடை

மிக்க நன்றி. நிறுத்தது: ஃப்ளை 720 கிராம், இன்னர் 640, போல் 480, இரும்பு முளை 12 சேர்ந்து 190, கயிறும் பைகளும் 120. 25 செ.மீ. உயரத்தில் உள்நீளம் 188 செ.மீ.; என் உயரம் 172. ஃப்ளை விளிம்பு தரையிலிருந்து 8 செ.மீ. தரை ஓரம் 12 செ.மீ. ஏறுகிறது.

தண்ணீர் விட்டதில் ஒரே ஒரு மூலையில் தாள் நனைந்தது. அந்த மூலையில் டேப் 4 செ.மீ. நீளத்துக்குத் தூக்கியிருக்கிறது. ஃப்ளை ஜிப் வாசலின் வளைவில் சிக்கி, ஓட்டிக்கு (பல்லைச் சேர்க்கும் நகரும் தலை) பின்னால் பல் பிரிந்து நிற்கிறது. பசை வாங்கி ஒட்டிவிடட்டுமா?

முளைக்குச்சி

பசையைத் தொடாதீர்கள், முதலில் முடிவெடுங்கள். ஒட்டிய பிறகு பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

ஃப்ளை, இன்னர், போல் மூன்றும் 1840 கிராம். அட்டையைவிட 140 கிராம் உண்மையாகவே கூடுதல், சுமார் 8 சதவீதம். மற்ற 310 கிராம் முளையும் கயிறும் பையும். இந்த 140 எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இதற்காக மட்டும் திருப்ப மாட்டேன். நீளம் உங்களுக்குச் சரியாக இருக்கிறது, ஒரு செ.மீ.தான் மிச்சம். தடித்த குளிர்கால ஸ்லீப்பிங் பேக் என்றால் கால் பக்கம் மறுபடி தொடும். 8 செ.மீ. விளிம்பு நல்ல அளவு.

ஜிப்: வாசலுக்கு முன்னால் இருக்கும் முளையைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். இறுக்கமாக இழுத்துக் கட்டிய ஃப்ளையில் வளைவு நேராகிப் பல் பிரியும். தளர்த்தியும் பிரிந்தால் ஓட்டியே சரியில்லை. பழைய டென்டில் குறடால் ஓட்டியை மெல்ல நெருக்கிச் சரிசெய்வோம். புதியதில் அந்த வேலை வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

மழைக்காகம்

டேப்புக்கும் அதே மாதிரிதான். எல்லாத் தையலையும் நகத்தால நெருடிக்கிட்டே வாங்க. அந்த மூலை மட்டும்னா சூடு சரியாப் படாம விட்டுப்போன இடம், ஒட்டிக்கலாம். வேற ரெண்டு மூணு இடத்துலயும் சுலபமாத் தூக்குதுன்னா கோட்டிங்கே சரியாப் பிடிக்கல. அப்படின்னா அந்த டென்ட் வேண்டாம்.

தனிநடை

மற்ற தையல்கள் எல்லாம் கெட்டியாக இருக்கின்றன. முன்முளையைத் தளர்த்தியதும் ஜிப் தடையில்லாமல் ஓடுகிறது. வைத்துக்கொள்கிறேன். எந்தப் பசை? முளையை மாற்றலாமா?

நூல்கண்டு

உங்கள் ஃப்ளை பியூ என்பதால் பாலியூரிதேன் வகைத் தையல் பசை. சிலிக்கோன் பசை பியூ மேல் சரியாகப் பிடிக்காமல் தோலாக உரிந்து வரும். சிலிக்கோன் பூசிய துணிக்கு மட்டுமே அது.

தூக்கிய டேப்பைப் பிய்க்க வேண்டாம். அடியிலும் சுற்றிலும் தேய்ப்பு ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலர விடுங்கள். அடியில் மெல்லிய ஒரு பூச்சு கொடுத்து, டேப்பை மேலே படியவைத்துக் கரண்டியின் முதுகால் உருட்டி அழுத்துங்கள். ஓரங்களைத் தாண்டி அரை செ.மீ. அகலத்துக்கு இன்னொரு பூச்சு. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அதன்பிறகும் ஒட்டும் தன்மை இருந்தால் முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள், மடிக்கும்போது துணியோடு துணி ஒட்டாது. பின்னர் அந்த மூலைக்கு மட்டும் மறுபடி தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

முளை: 12 இரும்பு முளைக்குப் பதில் 14 கிராம் எடையுள்ள ஒய் வடிவ அலுமினிய முளை 8 போதுமா என்று டென்டைப் போட்டு வளையங்களை எண்ணிப் பாருங்கள். போதுமென்றால் 78 கிராம் குறையும். அதைவிடப் பெரிய லாபம், மென்மையான மண்ணில் அவை சுலபத்தில் பிடுங்கிக்கொண்டு வராது. போலை இப்போது மாற்ற வேண்டாம். ஆனால் முழு நீளம், ஒரு துண்டின் நீளம், நுனியின் குறுக்களவு மூன்றையும் இப்போதே குறித்து வையுங்கள், உடைந்த பிறகு அளக்க முடியாது.

ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். பியூ கோட்டிங் ஈரத்தில் சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் வரும். அந்த நிலைக்கு வந்தால் மீட்க வழி இல்லை. நடையில் நனைந்தே மடிக்க நேர்ந்தால், ஃப்ளையைத் தனிப் பையில் வைத்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முதல் வேலையாக விரித்துப் போடுங்கள்.