விக்டரி ரோல் முடிச்சுருள் நிற்கவே மாட்டேன் என்கிறது, உதவுங்களேன்

வணக்கம் தோழிகளே. இங்கே மினசோட்டாவில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து 1940, 50களின் பின்-அப் (சுவரில் மாட்டிவைக்கும் கவர்ச்சிப் பெண் படங்கள்) பாணியில் உடுத்திப் படமெடுத்து, சின்னதாக ஓர் இதழும் கொண்டுவருகிறோம். வயது, நிறம், உடல்வாகு எதுவும் தடையில்லை. போன இதழின் அட்டையில் சக்கர நாற்காலியில் வரும் தோழிதான் இருந்தாள்.

அடுத்தது ஹில்டா சிறப்பிதழ். டுவேன் பிரையர்ஸ் வரைந்த பூசினாற்போன்ற செம்பட்டை முடிக்காரி. செயின்ட் பால் நகரத்து பிரவுன் அண்ட் பிகலோ நிறுவனத்தின் நாள்காட்டிகளில் வந்தவள். கொடியிடைக்காரிகளுக்கு நடுவே தொப்பையை மறைக்காமல் சிரிப்பாள். அந்த வேஷம் எனக்கு. உடம்பு தயார்! முடிதான் படுத்துகிறது.

விக்டரி ரோலுக்காக நெற்றிக்கு மேல் இரண்டு பக்கமும் முடியைச் சுருட்டி ஊசி குத்தினால் பத்தே நிமிடத்தில் இடது சுருள் காதுக்கு இறங்கிவிடுகிறது. எண்ணெயில் வளர்ந்த கனத்த முடி. வீடியோக்களில் எல்லாருக்கும் மெல்லிய முடி. நம் மாதிரி முடியில் செய்து பார்த்தவர்கள் உண்டா? முந்தின நாளே தலைக்குக் குளித்துவிட வேண்டுமா? உள்ளே சவுரி வைக்கலாமா?

அப்புறம் இன்னொன்று. கண்ணாடி முன் நின்று தன்னையே மாடலாக வைத்து வரைந்த பின்-அப் ஓவியர் ஸோயி மோஸர்ட் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன். அவர் வரைந்த பழைய நாள்காட்டி யாரிடமாவது இருந்தால் இரண்டு நாள் கடன் தாருங்கள். சனிக்கிழமை படப்பிடிப்பு.