பிரேக் ஷூ மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்றியே ஆக வேண்டுமா? (பழைய அம்பாசடர், ஏற்காடு மலைப்பாதை)

அடிவாரம்86:
வண்டி 1986 மாடல் அம்பாசடர். கோரிமேட்டிலிருந்து அடிக்கடி ஏற்காடு போய்வருவேன். இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. ஷூ மாற்றலாம் என்று பின் டிரம்களைக் கழற்றினால், இடது பக்க ஷூ எண்ணெயில் நனைந்திருக்கிறது. வலது பக்கம் சுத்தமாகக் காய்ந்திருக்கிறது. எண்ணெயோ கிரீஸோ வெளியே ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலை நாலு சக்கரத்துக்கும் மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். ஒழுகாததையும் பிடுங்க வேண்டுமா?

கிரீஸ்கை:
பிடுங்குங்கள். சீல் விலை ஒரு பொருட்டே இல்லை, கூலிதான் செலவு. இடது பக்கம் போன அதே வயசுதான் வலது பக்கத்துக்கும். அதோடு உங்கள் பாதை எது? இருபது கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது டிரம் எவ்வளவு சூடாகும் என்று கை வைத்துப் பார்க்கத் தேவையில்லை, வாசனையே சொல்லும். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சூடானால் இறுகிவிடும். சீலின் உதடு, அதாவது ஷாஃப்டைத் தொடும் உள் விளிம்பு, இறுகிவிட்டால் ஷாஃப்டோடு ஒட்டி நிற்காது.

பழையவண்டி:
இந்த 'கையோடு மாற்றிவிடுவோம்' வியாதிக்கு மருந்தே இல்லை. காய்ந்திருக்கும் சீல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. கடையில் கிடைப்பது ஒன்று டூப்ளிகேட், இல்லையென்றால் வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்து காய்ந்த சரக்கு. நல்லதை எடுத்துவிட்டு அதையா போடச் சொல்கிறீர்கள்? உளியை வைத்து ஒரு ஓரமாகத் தட்டிச் சாய்த்துவிட்டால் அன்றைக்கே ஒழுகும்.

கிரீஸ்கை:
அம்பாசடர் சீல் என்று கேட்டால்தான் அந்தப் பிரச்சினை. பழைய சீலின் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் அடித்திருக்கும். அந்த அளவைச் சொல்லிப் பேரிங் கடையில் கேளுங்கள், நல்ல கம்பெனி சீல் புதிதாகவே கிடைக்கும். தட்டத் தெரியாதவர் கையில் சீல் மட்டுமா, பிரேக்கையே கொடுக்கக் கூடாதுங்க.

எஸ்டேட்ஜீப்:
ரெண்டு பேரும் சண்டையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். தம்பி, அந்த ஈரம் என்ன எண்ணெய் என்று பார்த்தீர்களா? பிரேக் ஆயில் அழுத்தத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகினாலும் ஷூ நனையும். ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், கியர் ஆயில் மிதக்கும். கியர் ஆயிலுக்குக் கெட்டியும் உண்டு, அந்தக் கந்தக நாற்றமும் உண்டு.

அடிவாரம்86:
பார்த்துவிட்டேன் அண்ணா. மிதக்கிறது, நாற்றமும் தாங்கவில்லை.

பழையவண்டி:
அப்படியென்றால் பின் ஆக்ஸிலிலிருந்துதான் வருகிறது. சீலைக் குறை சொல்லும் முன் பிரீதரை, அதாவது உள்ளிருக்கும் காற்று வெளியேறும் சின்னத் துளையை, பாருங்கள். ஆக்ஸில் ஹவுசிங் மேலே இருக்கும், சேறு அடைத்துக் கிடக்கும். அது அடைத்தால், மலை ஏறும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டாலும் அதே கதைதான். எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். நிரப்பும் துளையின் விளிம்பு வரைதான் இருக்க வேண்டும், 'இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்' என்று ஊற்றுகிற ஆட்கள் உண்டு.

கிரீஸ்கை:
பிரீதர் விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் வாதத்துக்கே எதிராகப் போகிறதே? அழுத்தம் இடது பக்கத்தை மட்டுமா தள்ளியிருக்கும்?

பழையவண்டி:
தள்ளியும் வலது பக்கம் தாங்கியிருக்கிறதே, அதுதான் நான் சொல்வது. இன்னொன்று: பழைய சீல் உட்கார்ந்த இடத்தில் ஷாஃப்டில் விரல் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், புது சீலை அதே இடத்தில் போட்டுப் பயனில்லை. இடம் இருந்தால் உதடு புதுப் பரப்பில் படும்படி ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ஷாஃப்டின் மேல் மெல்லிய உறை (ஸ்லீவ்) போட வேண்டும். அதைப் பார்க்காமல் நாலு சீல் மாற்றுவது வெறும் செலவு.

எஸ்டேட்ஜீப்:
முன் சக்கரம் தனிக் கணக்கு. அங்கே கிரீஸ்தான். பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைக்கப் போகிறீர்கள் என்றால், உள் பேரிங்கை எடுக்கச் சீலைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கியதைத் திரும்பப் போடாதீர்கள். பேரிங்கில் சத்தமோ ஆட்டமோ இல்லை, கிரீஸும் சமீபத்தில் வைத்ததுதான் என்றால் முன்பக்கத்தைத் தொட வேண்டாம். வைப்பதானால் பழைய கிரீஸை மிச்சமில்லாமல் கழுவிவிட்டு வையுங்கள், ரெண்டு வகை கிரீஸ் கலந்தால் சில சமயம் இளகி ஓடிவிடும்.

அடிவாரம்86:
நனைந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம் என்கிறார் மெக்கானிக்.

கிரீஸ்கை:
வேண்டவே வேண்டாம். லைனிங் எண்ணெயை உள்ளே குடித்துவிடும். மேலே கழுவினால் காய்ந்த மாதிரி தெரியும், சூடானதும் திரும்பக் கசியும்.

பழையவண்டி:
இதில் நானும் அவர் பக்கம்தான். ஷூவை மட்டும் ரெண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரு பக்கம் புதிது ஒரு பக்கம் பழசு என்றால் பிடிப்பு ஒன்றாக இருக்காது.

கிரீஸ்கை:
ஷூவுக்கு ரெண்டு பக்கமும், சீலுக்கு ஒரு பக்கமா?

பழையவண்டி:
ஆமாம். ஷூ தேய்கிற பொருள்.

கிரீஸ்கை:
சீலும்தான்!

அடிவாரம்86:
பிரீதரைக் கழற்றிப் பார்த்தேன், முழுக்க அடைப்பு. இடது சீல் வாங்கிவிட்டேன், ஷாஃப்டில் பள்ளம் இல்லை. வலது பக்கத்தை இப்போதைக்கு விட்டுவிட்டு, குப்பனூர் வழியாக ஒருமுறை மலை இறங்கி வந்து டிரம்மைத் திறந்து பார்க்கிறேன்.

கிரீஸ்கை:
வலது சீலையும் வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ரெண்டாவது கியரை விடாதீர்கள்.