எம்.எஸ்சி. உளவியல்: ஸ்காலர்ஷிப் அப்ரூவ் ஆகியும் பணம் வரவில்லை, உதவுங்கள்

குடியாத்தம் மாணவி:
எம்.எஸ்சி. உளவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா கொத்தனார். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். அப்ரூவ் ஆகிவிட்டதாகத் தளத்தில் காட்டுகிறது, பணம் மட்டும் ஏறவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் இணைச்சாச்சு" என்கிறார்கள். கல்லூரியில் கட்டணம் கேட்டு நெருக்குகிறார்கள். அப்பா வட்டிக்கு வாங்கப் போவதாகச் சொல்கிறார், அது நடக்கக் கூடாது. வேறு உதவித்தொகை இருந்தாலும் சொல்லுங்கள்.

காட்பாடி இ-சேவை:
வட்டிக்கு வாங்க வேண்டாம்மா. கணக்கில் ஆதார் எண்ணைப் பதிவது வேறு, என்.பி.சி.ஐ.யில் (தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம்) சீடிங் செய்வது, அதாவது ஆதாருக்கு வரும் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று அங்கே பதிவது வேறு. உதவித்தொகை கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. உன் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு சீடிங் ஆகியிருக்கிறதோ அங்கேதான் போகும். மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார். பள்ளியில் படித்தபோது திறந்த பழைய கணக்கின் பெயர் வந்தால், முதலில் அந்த பாஸ்புக்கில் என்ட்ரி போடு. பணம் அங்கே கிடக்கலாம். 'இன்ஆக்டிவ்' என்று வந்தால், இப்போதைய வங்கியில் ஆதார் சீடிங் படிவம் கேட்டு எழுதிக் கொடு.

இன்னொன்று. இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60%, மாநிலத்தின் பங்கு 40%. இரண்டும் தனித்தனியாக வரும். ஒன்று வந்ததும் அவ்வளவுதான் என்று விட்டுவிடாதே.

ராணிப்பேட்டை அக்கா:
நானும் உளவியல்தான் படித்தேன். அப்ரூவ் ஆன பக்கத்தை பிரின்ட் எடுத்து, அவகாசம் கேட்டுக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் கொடு. வாயால் சொன்னால் அலுவலகத்தில் மறந்துவிடுவார்கள். வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் ஆதிதிராவிடர் நல அலுவலகம் இருக்கிறது, விண்ணப்ப எண்ணோடு நேரில் போ.

புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் முதுகலைக்குக் கிடையாது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) முதுகலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம். முழுநேரப் படிப்பின் முதலாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும், வயது 30-ஐத் தாண்டக் கூடாது. இளங்கலை மதிப்பெண் நன்றாக இருந்தால் விடாதே. ஆனால் அதை வாங்கினால் வேறு ஸ்காலர்ஷிப் வாங்க முடியாது, கணக்குப் போட்டு முடிவு செய். அப்பாவிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா? பிள்ளைகளின் முதுகலைப் படிப்புக்கும் அங்கே கல்வி உதவி உண்டு.

குடியாத்தம் மாணவி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். +2 படித்தபோது திறந்த கணக்கில்தான் சீடிங் இருக்கிறது. நாளைக்கே அந்த பாஸ்புக்கோடு வங்கிக்குப் போகிறேன். அப்பாவின் வாரிய அட்டையைப் புதுப்பிக்கவில்லை.

காட்பாடி இ-சேவை:
அட்டையைப் புதுப்பித்த பிறகு விண்ணப்பி. பழைய கணக்கு முடங்கியிருந்தால் கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்தால் திறந்துவிடுவார்கள். அதில் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் சீடிங்கை மாற்றாதே.