ஷலோ கொப்பிக்குப் ‘பகிர்பிரதி’ சரிவருமா?

அண்ணை, வணக்கம்.

செய்நிரலில் ஒரு பொருளை, அதாவது சேர்த்து வைத்த தரவுத் தொகுப்பை, பிரதி எடுக்கும் இரண்டு வழிகள் ஷலோ கொப்பியும் (shallow copy) டீப் கொப்பியும் (deep copy). அவை இரண்டுக்கும் தமிழாக நீங்கள் தந்த ‘ஆழமற்ற நகல்’, ‘ஆழ்நகல்’ எனக்கு நெருடுகிறது. முதலில் ‘நகல்’. யாழ்ப்பாணத்தில் கச்சேரியிலும் பள்ளிக்கூடத்திலும் பிறப்புச் சான்றிதழின் ‘பிரதி’தான் கேட்பார்கள். ‘படி’ வேண்டாம். ஷலோ கொப்பியை மேலோட்டமான படி என்று ‘மேற்படி’ ஆக்கினால், உறுதிகளில் ‘முன்சொன்ன’ என்ற கருத்தில் அதை எழுதும் நொத்தாரிசுமார் மட்டும்தான் சந்தோஷப்படுவார்கள்.

பெரிய சிக்கல் ‘ஆழம்’. மாணவர் என்றொரு பொருள். அதற்குள் பெயரும் புள்ளிகளின் பட்டியலும் இருக்கின்றன. பைதன் மொழியில் ஷலோ கொப்பி எடுத்தால் மாணவர் பொருள் புதிது, உள்ளே இருக்கும் பட்டியல் பழையதுதான். டீப் கொப்பியில் பட்டியலும் புதிது. ஷலோ கொப்பி எடுத்த பிறகு புதியதில் கணிதத்தின் 72 ஐ 85 ஆக்கினால் பழையதிலும் 85 ஆகிவிடும். ஆனால் புதியதற்கு வேறு பெயர் வைத்தால் பழையதன் பெயர் மாறாது. பிள்ளைகள் குழம்புவது இந்த இடத்தில்தான். ‘ஆழமற்ற’ என்பது இதைச் சொல்வதில்லை, ஏதோ தரம் குறைந்த பிரதி என்று நினைக்க வைக்கிறது.

இங்கே வளவைப் பிரித்து இருவருக்கு உறுதி முடித்தாலும் கிணறு பங்குக் கிணறாகவே இருக்கும். ஒருவர் மோட்டர் போட்டு இறைத்தால் மற்றவருக்கும் தண்ணீர் இறங்கும். ஆகவே ஷலோ கொப்பிக்குப் ‘பகிர்பிரதி’, டீப் கொப்பிக்குத் ‘தனிப்பிரதி’ என்கிறேன். ‘பங்குப்பிரதி’ என்று வைக்கத்தான் ஆசை, ஆனால் ஒரு பகுதியை மட்டும் பிரதி எடுத்ததாக விளங்கிவிடும்.

டீப் கொப்பியிலும் எண்களும் எழுத்துச் சரங்களும் பகிரப்படுகின்றனவே, பிறகெப்படி ‘தனி’ என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பைதனில் அவை மாற்ற முடியாதவை. பகிர்ந்தாலும் ஒருவர் கை மற்றவர் பொருளில் படாது. மாறக்கூடியவை பிரிந்துவிட்டால் தனிதான்.

ஜாவா மொழியில் பொருளைப் பிரதியெடுக்கும் ‘குளோன்’ தன்பாட்டில் தருவதும் பகிர்பிரதியே. சி பிளஸ் பிளஸில் விளைவு இன்னும் மோசம். நினைவகத்தைத் தானே ஒதுக்கி, அதன் முகவரியைச் சுட்டியில் (pointer) வைத்து, தானே விடுவிக்கிற வகுப்புக்குப் (class) பிரதியெடுக்கும் முறையை நாம் எழுதாமல் விட்டால், இரண்டு பொருள்களும் ஒரே இடத்தை விடுவிக்கப் போகும். செய்நிரல் அநேகமாக அங்கேயே விழும். மாணவருக்கு இதைச் சொல்லும்போது ‘பகிர்’ என்ற சொல்லே பாதி விளக்கம்.

பைதனில் வெறும் சமன்குறி போடுவது பிரதியே அல்ல. அதே பொருளுக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். அதற்கு ‘மறுபெயர்’ போதும். வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் ஒரு செய்நிரல் உதாரணத்தோடு எழுதுங்கோ.