ரைசன் 5 3600-க்கு மாற்றுக் கூலர்: எதை வாங்குவது?

கேள்வி

வணக்கம். மதுரையில் திருமண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கும் வேலைக்காக 2020-இல் ரைசன் 5 3600 பிராசசருடன் ஒரு கணினியை வாங்கினேன். பிராசசருடன் வந்த ரைத் ஸ்டெல்த் கூலரையே இன்றுவரை பயன்படுத்துகிறேன். இந்தக் கோடையில், ரெண்டர் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக்கும் வேலை) கொடுத்த இரண்டாவது நிமிடத்திலேயே வெப்பநிலை 95 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. விசிறியின் இரைச்சலில், எடுத்த வீடியோவின் ஒலியையே சரிபார்க்க முடியவில்லை. பிரஷ்ஷால் தூசியைத் துடைத்தும் பயனில்லை. கடையில் 240 மில்லிமீட்டர் வாட்டர் கூலர் போடச் சொல்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே தேவையா? கேபினெட்டில் 155 மில்லிமீட்டர் உயரம் வரையுள்ள கூலர் பொருந்தும் என்று கையேட்டில் உள்ளது.

முதல் மறுமொழி

தேவையில்லை, நண்பரே. உங்கள் பிராசசர் 65 வாட் வகையைச் சேர்ந்தது; மதர்போர்டு அமைப்புகளை மாற்றாதவரை, முழு வேலை கொடுத்தாலும் அது ஏறத்தாழ 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. வெப்பத்தைக் கடத்தும் நான்கு குழாய்களும் (ஹீட் பைப்) 120 மில்லிமீட்டர் விசிறியும் உள்ள, கோபுரம்போல் நிற்கும் ஒற்றை டவர் கூலருக்கு இது எளிய சுமை. வாட்டர் கூலரில் விசிறியோடு பம்ப் என்ற இன்னொரு சுழலும் பாகம் சேர்கிறது. அது நின்றுவிட்டால் முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். டவர் கூலரிலோ, விசிறி பழுதானால் விசிறியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தலைமுறை பிராசசர்களில் கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) இருக்கும் சில்லு ஏறத்தாழ 74 சதுர மில்லிமீட்டர்தான் என்பதால் வெப்பம் மிகச் சிறிய இடத்தில் குவிகிறது. ஆகவே எந்தக் கூலர் போட்டாலும் 70 டிகிரிக்கு மேல் கண்டு பதற வேண்டாம். அதோடு, காற்றால் குளிர்விக்கும் எதுவும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. உங்கள் அறை 38 டிகிரியில் இருந்தால், 25 டிகிரி அறையில் செய்த சோதனையின் எண்களோடு 13 டிகிரியைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

டீப்கூல் ஏகே400 நல்ல கூலர்தான். ஆனால் அதன் உயரம் சரியாக 155 மில்லிமீட்டர். 148 மில்லிமீட்டர் உயரமுள்ள தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 ரீஃபைன்டு எஸ்இ உங்கள் கேபினெட்டுக்குப் பாதுகாப்பான தேர்வு என்பது என் கருத்து.

இரண்டாவது மறுமொழி

வாங்குவதைவிடக் கழற்றுவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். உங்கள் பிராசசர் உட்காரும் ஏஎம்4 வகை சாக்கெட்டில் ஊசிகள் பிராசசரின் அடியில்தான் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில், பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் இறுகியிருக்கும் என்பதால், கூலரை நேராக மேலே இழுத்தால் பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டைவிட்டு வந்துவிடும். அப்போது ஊசிகள் வளைந்துபோக வாய்ப்புண்டு. ஆகவே பத்து நிமிடம் ஏதேனும் கனமான வேலை கொடுத்துச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, நான்கு திருகுகளையும் குறுக்காக மாறிமாறித் தளர்த்துங்கள். பிறகு ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகுவதுபோல் கூலரை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, அது தளர்ந்த பின்னரே தூக்குங்கள்.

இன்னொன்று: ரைத் ஸ்டெல்த்தைப் பொருத்தும்போது மதர்போர்டின் பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றிவிடுவார்கள். அதனால் பின்புறத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை கூலரின் திருகுகள் மட்டுமே. அவற்றைக் கழற்றும்போது ஒரு கையால் தகட்டைத் தாங்கிப் பிடியுங்கள். கிளிப் மாட்டும் வகைக் கூலர்களுக்கு அந்தத் தாங்கிகள் வேண்டும். தொலைத்திருந்தால் அவ்வகையை வாங்காதீர்கள். மேலே சொன்ன இரண்டு கூலர்களும் பின்தகட்டில் நேரடியாகத் திருகுபவை.

மூன்றாவது மறுமொழி

பழைய பேஸ்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் முழுவதும் துடைத்தபின், மிளகைவிடச் சற்றுப் பெரிய அளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்தால் போதும். விசிறியில் உள்ள காற்றோட்டத் திசைக் குறியைப் பார்த்து, காற்று கேபினெட்டின் பின்பக்கம் போகும்படி மாட்டுங்கள். ரேமின் மேல் உயரமான தகடு இருந்தால், விசிறியை மேலே தூக்கி மாட்ட நேரிடும். அப்போது மொத்த உயரமும் கூடும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

கேட்டவரின் பதில்

அனைவருக்கும் நன்றி. 148 மில்லிமீட்டர் கூலரையே வாங்கி நேற்று மாட்டினேன். பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. திருகி அசைத்தபோது லேசான ஓசையுடன் கூலர் மட்டும் தனியே வந்தது. என் ரேம் குட்டையானது என்பதால் விசிறி இடிக்கவில்லை. அதே திருமண வீடியோவை மறுபடி ரெண்டர் செய்தபோது வெப்பநிலை 79 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. பின்னணியில் ஒலித்த நாதஸ்வரத்தை ஹெட்போன் இல்லாமலேயே கேட்க முடிந்தது.