புதுப்பிப்பு: மூவ் கொடுத்ததும் மறைந்த தூண் கிடைத்துவிட்டது

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வீட்டு பிளான் போடும்போது, ஒரு தூணை நகர்த்தினால் திரையிலிருந்தே மறைகிறது என்று முந்தாநாள் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

மூவ் (நகர்த்தும் கட்டளை) கொடுத்து, அடிப்புள்ளியாக, அதாவது நகர்த்தலைத் தொடங்கும் புள்ளியாக, தூணின் மூலையைக் கிளிக் செய்ததும் என்டர் தட்டியிருக்கிறேன். இரண்டாவது புள்ளி காட்டாமல் என்டர் தட்டினால், முதல் புள்ளியின் எண்களையே நகரவேண்டிய தூரமாக எடுத்துக்கொள்ளும். மூலை இருந்தது 4500,3200-இல் (கிடைமட்ட, செங்குத்துத் தூரங்கள்). அதனால் எண்கள் அப்படியே இரட்டிப்பாகி, மூலை 9000,6400-க்குப் போய்விட்டது! வரைந்த எல்லாவற்றையும் திரைக்குள் காட்டும் ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்ததும் ஓரத்தில் குட்டியாகத் தெரிந்தது, அப்பாடா என்றிருந்தது.

சரி, இதே வழி இப்போது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒன்பது அங்குலச் சுவர் கனம், அதாவது 230 மி.மீ. வலப்பக்கம் தள்ள வேண்டுமா? மூவ், தூணைத் தேர்ந்து என்டர், 230,0 அடித்து இரண்டு முறை என்டர். மவுஸே வேண்டாம்.